ஒரே சங்கிலியில் மூன்று சைக்கிள்

முன்யோசனை இல்லாதவன் ஒரு தவறு செய்தால் அதோடு போயிற்று. முன்யோசனை உள்ளவன் அதே தவறை ஒரு வாரம் திட்டமிட்டு, இரண்டு முறை சரிபார்த்து, கடைசியில் பூட்டும் போட்டுப் பத்திரப்படுத்திவிடுவான். நான் இரண்டாவது வகை. என் மனைவியிடம் கேட்டால், அந்த வகையிலேயே நான்தான் முதல் என்பாள்.

அறுபதுகளின் நடுவில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தேன். கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவன். எனக்கு ஆறு என்றால் காவிரி. அதில் குடிக்கலாம், குளிக்கலாம், அது மேற்கிலிருந்து கிழக்கே ஒழுங்காகப் போகும். தீவில் ஆறு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. (சொன்னார்கள். நான் காதில் வாங்கவில்லை.)

டெலானிபூரில் எனக்கு அரசுக் குடியிருப்பில் ஒரு அறை. இரண்டு தெரு மேலே சரோஜாவின் வீடு. மூன்று தலைமுறையாகத் தீவிலேயே இருக்கிற குடும்பம். அப்பாவுக்கு அபர்டீன் பஜாரில் துணிக்கடை. அண்ணன் தர்மராஜ் கப்பல் சரக்குக் கிடங்கில் வேலை. சரோஜா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மேட்டிலும் பள்ளத்திலும் தினமும் சைக்கிளில் பள்ளிக்குப் போவாள். மேடு வந்தால் நான் இறங்கித் தள்ளுவேன். அவள் தள்ளமாட்டாள். அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம்.

என் மேலதிகாரி வழியாகக் கல்யாணப் பேச்சு எடுத்தோம். ஜாதகம் பொருந்தியது. அவள் அப்பா மட்டும் பொருந்தவில்லை.

"மெயின்லேண்ட் பையன். ரெண்டு வருஷத்துல டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டுக் கப்பலேறிடுவான். எத்தனை பேரைப் பாத்துட்டேன்," என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "தர்மராஜோட ஒரு நாள் எங்கயாவது போயிட்டு வரட்டும். அவன் பாத்துச் சொல்லட்டும்."

அந்த ஒரு நாளைத்தான் நான் திட்டமிட்டேன்.

எங்கள் அலுவலகத்துக்குக் கப்பலில் பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக வரும். அதில் ஒன்றில் பிரான்ஸ் தேசத்தில் லுவார் என்ற நதியோரமாகச் சைக்கிளில் சாவகாசமாகப் போவதைப் பற்றி ஒரு கட்டுரை. அவசரமே இல்லை. கொஞ்ச தூரம் மிதிக்க வேண்டியது, நதிக்கரையில் விரிப்பை விரித்து ரொட்டி தின்ன வேண்டியது, ஒரு தூக்கம் போட வேண்டியது, மறுபடி மிதிக்க வேண்டியது. படத்தில் தண்ணீரின் ஓரமாகவே மூன்று சைக்கிள்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். நதி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. இதைவிடக் கண்ணியமான ஒரு மாப்பிள்ளைத் தேர்வு இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றியது.

லுவாருக்குப் பதிலாக, விம்பர்லிகஞ்சைத் தாண்டி, கிரீக் என்று தீவுக்காரர்கள் சொல்கிற ஒரு சிற்றாற்றைத் தேர்ந்தெடுத்தேன். சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறி, பாம்பூ பிளாட்டில் இறங்கி, அங்கிருந்து சைக்கிள். விடுமுறை நாள் என்பதால் சரோஜாவும் வருவதாக தர்மராஜ் சொன்னார். அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "கடைசி ஃபெர்ரியில பொண்ணு வந்து சேரணும். சேரலன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடலாம்."

அன்றைய என் நாட்குறிப்பில் "வெளிப் பயணம். மழை இல்லை" என்று மட்டும் இருக்கிறது. மீதியை எழுத அப்போது கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

போகும்போது எல்லாம் லுவார் போலவேதான் இருந்தது. பாக்குத் தோப்பு, வயல், வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வங்காளிப் பெரியவரின் வணக்கம். மேட்டில் நான் இறங்கித் தள்ளினேன். "இயற்கையை ரசிக்கிறேன்," என்றேன். சரோஜா மேலே போய் நின்று திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் ரசிச்சுட்டு வாங்க சார்," என்றாள்.

கிரீக் வந்தது. என் பையில் ரொட்டி இருந்தது, வாழைப்பழம் இருந்தது, பூப்போட்ட மேஜை விரிப்பு இருந்தது. தண்ணீர் இல்லை. ஆற்றங்கரைக்குப் போகிறவன் தண்ணீர் தூக்கிக்கொண்டு போவானா?

தர்மராஜ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சார், இது உப்புத் தண்ணி. கடல்தான் உள்ள வந்திருக்கு."

"அப்படியா? நான் மேலே போகப் போக இனிக்கும்னு நெனச்சேன்."

"எவ்வளவு மேல போனாலும் இனிக்காது. வழியில பாத்தோமே, அந்தப் பெங்காலி வீட்டுல நாங்க பானி வாங்கிட்டு வர்றோம். நீங்க சைக்கிளையெல்லாம் மேல ஏத்தி வச்சுடுங்க."

அண்ணனும் தங்கையும் நடந்து போனார்கள். நான் யோசித்தேன். மேலே வைத்தால் சாலையில் போகிறவன் கண்ணில் படும். என் சைக்கிள் போனால் போகட்டும், வருங்கால மைத்துனருடைய சைக்கிள் என் பொறுப்பில் இருக்கும்போது திருட்டுப் போகலாமா? அதனால் மூன்றையும் கரைக்குக் கீழே, தண்ணீர் ஓரமாக, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு உருட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு காட்டுமரத்தின் மொட்டைக் கட்டை நின்றது. ஊரிலிருந்து கொண்டுவந்த சங்கிலியை மூன்று சைக்கிளின் சக்கரங்களிலும் கோத்து, கட்டையைச் சுற்றி இழுத்து, அலிகார் பூட்டைப் போட்டேன். தூங்கும்போது சட்டைப்பையிலிருந்து விழுந்துவிடக் கூடாது என்று சாவியை என் சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் இருந்த தோல்பையில் வைத்து வாரை இறுக்கினேன். (பத்திரமாக.)

அவர்கள் தண்ணீரோடு வந்தார்கள். மேட்டு நிழலில் விரிப்பை விரித்தோம். ரொட்டி நமுத்திருந்தது. ஆனால் பேச்சு நன்றாக இருந்தது. தர்மராஜுக்கு நான் சொன்ன ஒரு கதைக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு கட்டுரையில் சொன்னபடி தூங்கினோம்.

என்னை எழுப்பியது சரோஜா.

"சார், சைக்கிள எங்க வச்சீங்க?"

"கீழதான். பத்திரமா இருக்கு."

"கீழன்னா எங்க?"

எழுந்து பார்த்தேன். கரையும் இல்லை, கட்டையும் இல்லை. நாங்கள் வந்தபோது கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த ஆறு இப்போது காட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கைப்பிடியின் நுனி மட்டும் தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் விடைபெற்றது.

"ஜ்வார் ஏறிடுச்சு," என்றார் தர்மராஜ். தீவில் கடல் ஏற்றத்துக்கு அதுதான் பெயர். "சரி, தண்ணியில இறங்கி இழுத்துடலாம். சட்டையக் கழட்டுங்க."

"இழுக்க முடியாது," என்றேன். "பூட்டியிருக்கேன்."

பாதி கழற்றிய சட்டையோடு அவர் திரும்பினார்.

"பூட்டியிருக்கீங்களா?"

"மூணையும் சேர்த்து. கட்டையோட."

"அரே பாய், இந்தத் தீவுல யாரு சைக்கிள சோரி பண்ணப் போறான்? பண்ணிட்டு எங்க ஓடுவான், சுத்திக் கடல். எங்க வீட்டுக் கதவுக்கே பூட்டுக் கிடையாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "சாவியக் குடுங்க. நான் முங்கிப் பாக்கறேன்."

சாவி எங்கே இருக்கிறது என்று சொன்னேன். தர்மராஜ் விரிப்பில் உட்கார்ந்துவிட்டார். சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதால் அப்படித் தோன்றியது.

"முங்கவும் வேணாம் அண்ணா," என்றாள் பிறகு. "இந்த கிரீக்குல முதலை உண்டு."

தண்ணீர் வற்ற இரவாகும். நடந்து போனால் கடைசி ஃபெர்ரியைப் பிடிக்க முடியாது. துணிக்கடை வாசலில் அவள் அப்பா "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்வது எனக்கு அங்கேயே கேட்டது. அவருடைய குரல் கிரீக்கைத் தாண்டி வரக்கூடிய குரல்தான்.

வழி கண்டுபிடித்தது சரோஜாதான். வரும்போது பக்கத்துக் காட்டில் மரம் இழுக்கிற யானையின் மணி கேட்டதாகச் சொல்லி, அண்ணனை அழைத்துக்கொண்டு போனாள். என்னைச் சைக்கிள்களுக்குக் காவல் வைத்தார்கள். முதலைகள் சைக்கிள் ஓட்டுவதில்லை என்ற தைரியத்தில் நானும் காவல் இருந்தேன்.

யானை வந்தது. பெயர் ராதா. பாகன் ராஞ்சிக்காரர். நடந்ததை சரோஜா அவரிடம் இந்தியில் விவரித்தாள். எனக்கு அவ்வளவாக இந்தி வராது. ஆனால் எந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்கிறாள் என்று தெரிந்தது. ஏனென்றால் அந்த இடத்தில் பாகன் என்னைப் பார்த்தார். யானையும் பார்த்ததாக எனக்கு ஞாபகம்.

ராதா தண்ணீரில் இறங்கி, துதிக்கையால் துழாவி, சங்கிலியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது. சங்கிலி அறும் என்று நினைத்தோம். அறவில்லை. பூட்டுத் தெறிக்கும் என்று நினைத்தோம். தெறிக்கவில்லை. கட்டைதான் வேரோடு வந்தது. அதன் பின்னால், ஈர்க்கில் கோத்த மீன் போல, மூன்று சைக்கிள்களும் வரிசையாகக் கரையேறின. என் முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது. தோல்பைக்குள் சாவி பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் பூட்டுக்குள் சேறு. சாவி நுழைந்தது, திரும்பவில்லை.

பாகன் பூட்டைத் தட்டிப் பார்த்தார். "பஹுத் மஜ்பூத் தாலா ஹை, பாபு." ரொம்பக் கெட்டியான பூட்டு என்று பாராட்டினார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

ஜெட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மர லாரி ஒன்றில், கட்டை, சங்கிலி, சைக்கிள்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக ஏற்றி, மரத்தடிகளின் மேல் நாங்களும் உட்கார்ந்தோம். ஃபெர்ரி கயிறு அவிழ்க்கிற சமயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டிக்கெட் கொடுப்பவர் மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தார். "இது ஒரு சைக்கிளா, மூணா?"

"இன்னிக்கு ஒண்ணுதான்," என்றார் தர்மராஜ்.

சாத்தம் ஜெட்டியில் சரோஜாவின் அப்பா காத்திருந்தார். பெண் வந்துவிட்டாள் என்று முகம் தெளிந்தது. பின்னால் நாங்கள் தூக்கி வந்த பொருளைப் பார்த்ததும் மறுபடி மாறியது. தர்மராஜ் ஒன்று விடாமல் சொன்னார். பெரியவர் என்னை முழங்கால் சேற்றிலிருந்து தலை வரை பார்த்தார்.

"தண்ணி ஏறும் இறங்கும்னு தெரியாத ஆளு. இந்தத் தீவுல இவரு எப்படிக் குடித்தனம் பண்ணுவாரு?"

நியாயமான கேள்வி.

"அண்ணா சொன்னது எல்லாம் நிஜம்பா," என்றாள் சரோஜா. "ஆனா யானை இழுத்தும் பூட்டுத் தெறக்கல. விட்டுட்டுக் கப்பலேறப் போற ஆளு இப்படிப் பூட்டமாட்டாரு."

பெரியவர் குனிந்து பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். மெயின்லேண்டுக்கு மாற்றல் கேட்டு நான் இதுவரை ஒரு விண்ணப்பமும் எழுதியதில்லை.

அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் நான் எதைத் திட்டமிட்டாலும், அது ஊருக்குப் போகிற கப்பல் பயணமோ மொட்டைமாடியில் வடாம் காயப்போடுவதோ, "யானைக்குச் சொல்லியாச்சா?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்த காலத்தில் கற்றுக்கொண்ட முழு வாக்கியங்களில் அது ஒன்று.

போன மாதம், இன்னொரு தீவில் இருக்கிற ஹட் பேயிலிருந்து கப்பலேறி என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். மாமனாராகப் போகிறவன் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "தம்பிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும் மாமா," என்றான் பையன். "ஓட்டுவேன். பூட்டமாட்டேன்."

பூட்டுக் கதை ஹட் பே வரை போயிருக்கிறது. தர்மராஜ் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். பையனை எல்லாருக்கும் பிடித்துவிட்டது.