நூறடிப் பட்டையும் உன் மனையும்

வெஸ்ட் பெல்பி, மாசசூசெட்ஸ்
மே 9

அன்புள்ள லூசிண்டா அக்காவுக்கு,

தம்பி ஆரின் எழுதுவது. இங்கே நானும் நாயும் சௌக்கியம். முழங்கால்தான் மழைக்கு இரண்டு நாள் முன்பே மழை மழை என்கிறது. ஃப்ளோரிடா வெயிலில் நீயும் உன் ரத்த அழுத்தமும் அளவோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை உட்கார்ந்துகொண்டு படி.

அப்பா உனக்கு எழுதிவைத்த மனையில், என் வீட்டுக்குப் பக்கத்திலேயே, இந்தக் கோடையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிடப் போவதாகச் சொன்னாய் அல்லவா? அது இனி நடக்காது. ஊரில் புது ஈரநில விதி வந்துவிட்டது. அதை எழுதிய குழுவுக்குத் தலைவன் நான்தான். வைவதாக இருந்தால் இங்கேயே நிறுத்தி, வைது முடித்துவிட்டு மேலே படி.

பதினோரு மாதம் எழுதினோம் அக்கா. சதுப்பின் ஓரத்திலிருந்து இத்தனை அடிக்கு வீடு கட்டாதே, மரம் வெட்டாதே, புல்லைச் செதுக்காதே, அந்தப் பட்டையைச் சும்மா விடு என்று சொல்ல இரண்டு பக்கம் போதும் என்றுதான் இறங்கினேன். சதுப்பு என்றால் என்ன என்பதற்கே நான்கு மாதம் போயிற்று. தண்ணீர் நின்றால் சதுப்பு என்றேன். "உங்க வீட்டு நிலவறையிலயும்தான் தண்ணி நிக்குது, அதுவும் சதுப்பா?" என்று கேட்டாள் குழுவில் இருக்கும் தாவரவியல் டீச்சர் டெல்ஃபின் ராய். செடியைப் பார்த்துத்தான் எல்லை சொல்ல வேண்டுமாம். சரி என்றோம். அடுத்து, துணி காயப்போடும் கொடி கட்டடமா இல்லையா என்று இரண்டு கூட்டம். நம் ஊரில் பள்ளம் தோண்டும் இயந்திரம் வைத்திருக்கிற ஹாலிஸ் பாப்காக் எல்லாக் கூட்டத்துக்கும் வந்து முதல் வரிசையில் உட்காருவான். "கோழிக்கூண்டுக்கு நாலு சக்கரம் வச்சா அது வண்டிதானே?" என்றான். சக்கரம் வைத்த கோழிக்கூண்டுக்கு ஓர் உட்பிரிவு எழுதினோம். மறு வாரம் வந்து சக்கரம் வைத்த கழிப்பறையைப் பற்றிக் கேட்டான்.

ஏப்ரலில் டெல்ஃபின் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு உன் மனைக்குள் இறங்கினாள். மிதித்தால் நாறுமே அந்தச் சதுப்புக்கோசு, அது முளைத்த இடத்திலெல்லாம் நீல ரிப்பன் கட்டிக்கொண்டே போனாள். அது எங்கே முளைக்கவில்லை! கடைசியில் திரும்பி வந்து, "உங்க அக்கா வீட்டை எந்த மூலையில வச்சாலும் ரிப்பன்லேருந்து அறுபதடிதான் சார் கிடைக்கும்" என்றாள். ஆகவே பட்டை ஐம்பதடி என்றால் உனக்கு வீடு உண்டு, நூறடி என்றால் இல்லை. நம் ஊர்க்காரர்களை உனக்குத் தெரியாதா? தீயணைப்பு வண்டி கேட்டால் பாதி வண்டிக்குத்தான் கையைத் தூக்குவார்கள். நூறு என்று எழுதினால் பேரம் பேசி ஐம்பதில் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று கணக்குப் போட்டு, நூறு என்றே எழுதினேன். உனக்காகத்தான்.

போன சனிக்கிழமை காலை பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்க்கூட்டம். வோட்டுக்கு வைத்த பட்டியலில் நம் விதி முப்பத்தோராவது. கல்லறைத் தோட்டத்தில் நாயைக் கயிற்றில் கட்டி நடத்த வேண்டுமா என்ற ஒன்பதாவதிலேயே இரண்டரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். நம்முடையது வந்தபோது, பேரம் பேச வேண்டிய ஹாலிஸும் அவன் ஆட்களும் தாழ்வாரத்தில் பெண்கள் விற்ற, ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்தை நடத்திய ஆபட் அம்மாள், "நூறு, எழுபத்தஞ்சு, அம்பது, மூணு எண் வந்திருக்கு. வழக்கப்படி பெரிய எண்தான் முதல்ல வோட்டுக்குப் போகும். அது ஜெயிச்சா மத்ததை எடுக்க மாட்டேன்" என்றாள். அந்த வழக்கத்தை நான் மறந்தே போனேன். மஞ்சள் வோட்டு அட்டைகள் எழுந்தன, எண்ணினார்கள். அறுபத்தொன்றுக்கு அறுபது. நூறடி ஜெயித்தது! கையில் தட்டோடு ஓடிவந்த ஹாலிஸ், "யோவ் ஆரின், ஒரு துண்டு பை தின்னுட்டு வர்றதுக்குள்ள நூறடியா? கூடப் பொறந்தவளையே ஊருக்குள்ள வர விடாம பண்ணிட்டியே, மனுசனாய்யா நீ?" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். உனக்கு எந்த முகத்தோடு எழுதுவது என்று நான்கு நாள் தவித்தேன். என்னால் ஆனதையெல்லாம் செய்தேன், அக்கா. நம்பு.

கர்த்தர் உனக்குப் பூரண ஆயுளும், என்னை மன்னிக்கும் பொறுமையும் தரட்டும். அங்கே என்னை விசாரிக்கிறவர்கள் யாராவது இருந்தால் என் அன்பைச் சொல்லு.

உன் தம்பி,
ஆரின் தாக்ஸ்டர்

பி.கு.: ஹாலிஸ் உனக்குப் போன் செய்வான். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த அறுபத்தொன்றில் ஓர் அட்டை என்னுடையது. வழக்கத்தையும் நான் மறக்கவில்லை. பக்கத்தில் வீடு கட்டினால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவாய். மேபல் என்னைத் தனியாக விட்டுக் கண்ணை மூடிய இந்த மூன்று வருஷத்தில் எனக்கு ஜன்னல் வழியாகக் கையாட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். என் வீடு மாதிரிப் பழைய வீடுகளை இந்த விதி தொடாது என்று மூன்றாம் பிரிவில் எழுதியிருக்கிறேன். என் வீட்டு மாடி அறைக்கு உனக்காக மஞ்சள் பெயின்ட் அடித்தாகிவிட்டது. பிடிக்காவிட்டால் நிறத்தை அன்றைக்கே மாற்றிவிடலாம். விதியை மாற்றத்தான் அடுத்த ஊர்க்கூட்டம் கூடும் அடுத்த மே மாதம்வரை நீ இங்கே இருந்தாக வேண்டும்.