சான்பாடா வரை போன மௌனம்

எனக்கு இன்றுவரை ஞானம் கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு சனிக்கிழமை அதை முறையாகத் தேடிப் பார்த்தேன். அன்று மதியத்துக்குள் என் மாமனாரைத் தொலைத்துவிட்டேன்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. அந்தேரியில் ஒரு கம்பெனியில் கஸ்டமர் கேர் வேலை. காதில் ஹெட்போனை மாட்டினால் கழற்றும்வரை மன்னிப்புக் கேட்பதுதான் என் தொழில். நான் பார்த்தே இராத ஃப்ரிட்ஜுக்காக, நான் செய்யாத தப்புக்காக, யாரென்றே தெரியாதவர்களிடம் இந்தி, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் மன்னிப்புக் கேட்பேன். வீட்டில் என் மனைவி செல்வி, "சாம்பார்ல உப்பு கம்மியா இருக்கோ?" என்று கேட்டால்கூட, "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பதில் சொல்லுமளவுக்கு முற்றிவிட்டது.

ஒருநாள் மாலை வடாலாவில் ரயில் மாறும்போது, யாரோ ஒருவருடைய டிபன் பாக்ஸ் என் விலாவில் குத்திக்கொண்டிருக்க, திடீரென்று தோன்றியது: இவ்வளவுதானா வாழ்க்கை? (மகான்களுக்கு இந்தக் கேள்வி மரத்தடியில் வந்திருக்கிறது. எனக்கு மரத்தடியில் நிற்க நேரம் இருந்ததில்லை.)

செம்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டி ஹாலில் ஞாயிறு காலை தியான வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுத்தவர் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மராத்தி அம்மாள். நல்ல மனுஷி, யாரிடமும் எதையும் விற்காதவர். நான்காவது வகுப்பில் அவர் சொன்னார்: "காட்டுக்குப் போக வேண்டாம். வீட்டிலேயே, ஜனங்களுக்கு நடுவிலேயே ஒருநாள் மௌனமாக இருந்து பாருங்கள். அவசியம் என்றால் பேசிவிடுங்கள், இது தண்டனை இல்லை."

இதில் இரண்டாவது பாதி என் காதில் விழவே இல்லை. அந்த நேரத்தில் நான் மௌனத்தில் ஜொலிக்கும் என் முகத்தைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். வகுப்பில் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டையும் கொடுத்தார்கள். 'நான் மௌனத்தில் இருக்கிறேன்' என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமையே செல்வியிடம் சொல்லிவிட்டேன். "ரொம்ப நல்லது. ஒருநாளாவது வீடு நிம்மதியா இருக்கும்" என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மௌனத்தைத் தொடங்கினேன். எட்டு மணிக்கு கல்யாணிலிருந்து என் மைத்துனர் செல்விக்குப் போன் செய்தார். மாமாவுக்கு மாட்டுங்காவில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனை. மைத்துனருக்குத் திடீரென்று டியூட்டி போட்டுவிட்டார்கள். மாமா தனியாகவே ரயிலேறி மாட்டுங்கா வந்துவிடுவார். ஆனால் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது. யாராவது கூட இருந்து செம்பூருக்கு அழைத்துவர வேண்டும்.

செல்வி பள்ளிக்கூட டீச்சர். அன்று அவளுக்குப் பரீட்சை மேற்பார்வை. என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தானா உங்களுக்கு ஞானம் வரணும்? சரி, அப்பாகிட்ட நான் போன்ல சொல்லிடறேன், நீங்க பேசமாட்டீங்கன்னு. ஏங்க, அவசரம்னா பேசிருவீங்கல்ல?"

நான் கண்ணை மூடிப் புன்னகைத்தேன். (கண்ணாடி முன்னால் பழகிய புன்னகை.) அவள் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் போன் செய்தாள்தான். ரயில் சத்தத்தில் மாமாவுக்கு அது கேட்கவில்லை. அதற்குள் பள்ளியில் டீச்சர்களின் போன்களையெல்லாம் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஆக, விஷயம் தெரிய வேண்டிய ஒரே ஆளுக்கு விஷயம் தெரியாது.

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். பேச்சு என்றால் பேச்சு, அப்படி ஒரு பேச்சு. எட்டு வருடத்துக்கு முன்னால் நான் பெண் பார்க்கப் போனபோது சபையில் எல்லோரும் கேட்க ஒரு வார்த்தை சொன்னார்: "கஸ்டமர் கேரா? பேசிப் பொழைக்கிற ஆளு எப்ப நெசம் பேசுவான்னு யாருக்குத் தெரியும்?" செல்வி பிடிவாதமாக நின்றதால் கல்யாணம் நடந்தது. அவரும் மரியாதையாகத்தான் இருந்தார், நானும் மரியாதையாகத்தான் இருந்தேன். ஆனால் எட்டு வருடமாக நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது மழையைப் பற்றியும் ரயில் லேட்டைப் பற்றியும் மட்டும்தான்.

மாட்டுங்கா ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ள" என்றார். கைகூப்பினேன். அவர் பார்வை அட்டையில் விழுந்தது. அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும்.

"இது என்ன மாப்ள, ஆபீஸ் கார்டா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்கு மேல் எப்படி விளக்குவது? (தமிழில் ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதுவதும் பேச்சுக்குச் சமம் என்று நானாகவே ஒரு விதி போட்டுக்கொண்டிருந்தேன்.)

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொட்டு மருந்து விட்டு பெஞ்சில் உட்காரவைத்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"மாப்ள, காலைல சாப்ட்டீயளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். மூடிய கண்ணுக்கு முன்னால் தலையாட்டிப் பயன் இல்லை என்பது ஆட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

"என்ன, ஒண்ணும் பேச மாட்டுக்கீங்க?"

இல்லை, ஒன்றுமில்லை என்று கையை அசைத்தேன். அதுவும் காற்றோடு போயிற்று.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எம்மேல கோவமா இருக்கீயளோ?"

அவர் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தேன். அதற்கு 'அதெல்லாம் இல்லை மாமா' என்று பொருள். அவர் அதை 'பேசாமல் இருங்கள்' என்று புரிந்துகொண்டார். அப்படியே வாயை மூடிக்கொண்டார். எட்டு வருடத்தில் அவர் கால் மணி நேரம் சும்மா இருந்து அன்றுதான் பார்த்தேன். ஆகா, என் மௌனம் அவரையும் தொற்றிக்கொண்டதே என்று பூரித்துப்போனேன். இவ்வளவு பெரிய முட்டாளைப் பெற்ற என் தாய் தந்தையர் பாவம்.

பரிசோதனை முடிந்தது. புரை இருக்கிறது, அடுத்த மாதம் ஆபரேஷன் என்றார் டாக்டர். கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள். மாமாவின் போனையும் ஃபைலையும் என் பையில் போட்டுக்கொண்டு, கையைப் பிடித்து மாட்டுங்காவில் ரயிலேற்றி குர்லாவில் இறக்கினேன். இனி பாலம் ஏறி ஹார்பர் லைன் பிளாட்பாரத்துக்குப் போய் செம்பூர் ரயில் பிடிக்க வேண்டும். அங்கிருந்து இரண்டே ஸ்டேஷன்.

சனிக்கிழமை மதிய குர்லா. பன்வேல் ரயில் வந்தது. இறங்குகிற கூட்டமும் ஏறுகிற கூட்டமும் மோதியதில் மாமாவின் கை என் கையிலிருந்து நழுவியது. எனக்கும் அவருக்கும் நடுவில் நான்கு பேர்.

"மாப்ள! மாப்ள!" காற்றைத் துழாவியபடி கூப்பிட்டார்.

'இங்கதான் இருக்கேன் மாமா.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. காலை ஆறு மணியிலிருந்து சேர்த்துவைத்த மௌனம் வீணாகிவிடுமே என்று ஒரு கணம் தயங்கினேன். தயங்கி, என்ன செய்தேன் தெரியுமா? கைதட்டினேன். குர்லா ஸ்டேஷனில், அந்த இரைச்சலில், கண் தெரியாத மனிதருக்குக் கைதட்டினேன்.

கூட்டம் அவரைப் பெட்டிக்குள் தள்ளியது. ரயில் நகர்ந்தது.

"மாமா!" என்று அலறினேன். ஆறரை மணி நேரம் துருப்பிடித்திருந்த குரல் பிளாட்பாரத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. குறிப்பாக, டீ குடித்துக்கொண்டிருந்த ரயில்வே போலீஸ்காரர் திரும்பினார். மும்பையில் போலீஸ்காரரையும் கேலியாக 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் வந்து நின்று என் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "அரே பாய், மௌனத்துல இருக்கேன்னு போட்டிருக்கு. இதுதான் உன் மௌனமா?" என்றார் இந்தியில்.

என் மாமனாரைத்தான் கூப்பிட்டேன், கண் தெரியாது, செம்பூரில் இறங்க வேண்டியவர், அந்த ரயிலில் போய்விட்டார் என்று கொட்டினேன். அவர் முகம் மாறியது. வயர்லெஸ்ஸில் யாரிடமோ சொல்லிவிட்டு, "செம்பூரில் இறக்கிவிட்டிருப்பார்கள், ஓடு" என்றார்.

அடுத்த ரயிலில் செம்பூர் போனேன். இல்லை. இரண்டு பிளாட்பாரமும் பார்த்தேன். படியில், டிக்கெட் கவுன்டரில், தண்ணீர்க் குழாயடியில் தேடினேன். பூ விற்கிற அம்மாளிடம், "கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டை..." என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. மும்பை ரயிலில் கதவு மூடாது. வாசல் பக்கமாக நின்றிருந்தால்? தண்டவாளம் பக்கமாக இறங்கியிருந்தால்? பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பையில் அவருடைய போன் இருந்தது. அதில் செல்வி கூப்பிட்ட அழைப்பு எடுக்கப்படாமல் கிடந்தது. 'கோவமா இருக்கீயளோ' என்று கேட்டாரே, ஒரே ஒரு 'இல்ல மாமா' சொல்லியிருக்கக் கூடாதா? அட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன்.

என் போன் அடித்தது. செல்வி. "பரீட்சை முடிஞ்சு இப்பத்தான் போனைக் கையில வாங்குனேன். அப்பா சான்பாடா ஸ்டேஷன்ல இருக்காராம். சந்தீப்னு யாரோ பேசுறாரு. அப்பாவுக்கு என் நம்பர் மட்டும்தானே மனப்பாடம். நீங்க எங்க இருக்கீங்க? பேசுங்க! வாயைத் திறந்து பேசுங்க!"

"பேசுறேன் செல்வி, பேசுறேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

செம்பூரிலிருந்து நான்கு ஸ்டேஷன் தள்ளி, சான்பாடா பிளாட்பாரத்தில் மாமா கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து வடா பாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கை பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்திருந்தது. அந்த மனிதருக்குக் கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"மாமா!"

"யாரு?" என்றார் சந்தேகமாக.

"நான்தான் மாமா."

"கொரலு நம்ம மாப்ள மாதிரித்தான் இருக்கு. இன்னைக்கு யாரையும் நம்புறதுக்கில்ல."

சந்தீப் லிப்ட் மெக்கானிக். குர்லாவில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வாய் நிறையப் பஞ்சு. ஒரு மணி நேரம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று மும்பையில் வாயைத் திறக்காத ஆண்கள் இரண்டே பேர்தான் இருந்திருப்போம். என் மாமனார் ஒருவர் கையை விட்டு, நேராக இன்னொருவர் கையைப் பிடித்திருக்கிறார். பேசாத கை என்றால் அது மாப்பிள்ளையின் கைதானே!

சந்தீப் வீங்கிய வாயோடு இந்தியில் விவரித்தார். "பார்வை இல்லாதவர், பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். பேச ஆரம்பித்தார். எனக்குத் தமிழ் தெரியாது. 'மாப்ள, மாப்ள' என்றார். நடுவில் இரண்டு மூன்று தடவை 'கஸ்டமர் கேர்' என்றார். அப்புறம் அழுதார். யாரோ கம்பெனிக்காரன் இவருக்குப் பெரிய அநியாயம் செய்துவிட்டான் போல என்று நினைத்தேன். தோளில் தட்டிக்கொடுத்தேன். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்."

செம்பூர் வந்தபோது மாமா பேச்சின் முக்கியமான கட்டத்தில் இருந்திருக்கிறார். சான்பாடா வந்ததும் சந்தீப் பஞ்சைத் துப்பிவிட்டு, "பெரியவரே, என் ஸ்டேஷன் வந்துவிட்டது" என்று இந்தியில் சொல்ல, மாமா திடுக்கிட்டு, "மாப்ள, நீங்க எப்ப இந்திக்கு மாறுனீய?" என்று கேட்டாராம்.

திரும்பி வரும் ரயிலில் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "மாமா, எனக்கு உங்க மேல கோவமே இல்ல. இன்னைக்கு மௌன விரதம்."

"வெரதமா? அத மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா?"

அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுக் கேட்டேன். "ரயில்ல அவர்கிட்ட என்ன மாமா சொன்னீங்க?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "அது எட்டு வருஷமா நெஞ்சுக்குள்ள கெடந்தது. ஒரு தடவதான் சொல்ல முடியும். சொல்லியாச்சு."

"நான் கேக்கலியே மாமா."

"அதுக்கு நா என்ன செய்யட்டும்? சந்தீப்புட்ட கேட்டுக்கிடுங்க."

ஊருக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டே பிழைத்தவன் நான். எனக்கென்று வந்த ஒரே மன்னிப்பு, தமிழ் தெரியாத ஒரு லிப்ட் மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்குப் பிறகு மாமாவும் நானும் மழையைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் மட்டும் பேசிக்கொள்வதில்லை. சண்டைகூடப் போடுகிறோம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்து, இப்போது மாமாவுக்கு எதிர் பிளாட்பாரத்து விளம்பரப் பலகைகூடத் தெரிகிறது. சந்தீப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார். மாமா அவரை 'மூத்த மாப்ள' என்று அறிமுகப்படுத்துகிறார். (நான் இளையவன் ஆகிவிட்டேன். அவருக்கு ஒரே மகள்தான்.) வீட்டில் நான் கொஞ்சம் உம்மென்று இருந்தால் செல்வி, "சான்பாடாவா?" என்று மட்டும் கேட்பாள். எங்கள் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினாலும், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், என் கையைப் பிடிப்பதற்கு முன்னால் மாமா என் முகத்தை நேராகப் பார்த்து இன்றும் கேட்கிறார்: "மாப்ள, ஒரு வார்த்த பேசுங்க பாப்போம்."

"நான்தான் மாமா" என்கிறேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."