நகோயாவில் ஏன் இறங்கினேன்?

ரயிலைத் தவறவிட்டவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருப்பார்கள். நேரத்துக்குப் போய், சரியான பெட்டியில் ஏறி, சரியான இருக்கையில் உட்கார்ந்து, ஒருவரும் சொல்லாமலே பாதி வழியில் இறங்கித் தொலைத்த மடையன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் சாதாரண ரயிலா? ஜப்பானின் புல்லட் ரயில்! நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் இலங்கையில், சீகிரியாக் குன்றுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில், உணவு பரிமாறும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஹோட்டலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் கழுத்தில் கமராவும் தலையில் தொப்பியுமாக அந்தக் குன்றை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் அவர்களுடைய முட்டை வெந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், நானும் வேறு யாருடைய நாட்டுக்காவது போய், அவர்களுடைய பழைய அதிசயம் ஒன்றின் முன்னால் நின்று இப்படி வாயைப் பிளக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை. (மனைவியிடம் சொன்னதற்கு, "வாயப் பொளக்க அவ்வளவு தூரம் போவணுமா? இங்கயே பொளங்க" என்றாள்.)

ஆசை பலிப்பது போலத்தான் இருந்தது. ஹோட்டல் நிர்வாகம் என்னையும் பந்துலவையும் பயிற்சிக்காக டோக்கியோவுக்கு அனுப்பியது. பந்துல நாவுல என்ற ஊர்க்காரன், சிங்களவன், சமையல் பகுதியில் இருந்தவன். என்னோடு தமிழில்தான் பேசுவான். அதைத் தமிழே கேட்டால் கோபித்துக்கொள்ளும். மூன்று மாதம் எங்களைப் பிழிந்தெடுத்துவிட்டு, ஊர் திரும்புவதற்கு முன் ஒரே ஒரு நாள் விடுமுறை கொடுத்தார்கள். நாரா என்ற ஊரில் ஆயிரத்து இருநூறு வருடப் பழமையான பிரம்மாண்டமான வெண்கலப் புத்தர் இருக்கிறார். புல்லட் ரயிலில் கியோட்டோ வரை போய், அங்கிருந்து சின்ன ரயில் பிடிக்க வேண்டும். இரவல் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். தொப்பி வாங்கினேன். கண்ணாடியில் பார்த்தால் அசல் சுற்றுலாப் பயணி.

ரயில் பறந்தது. வலப்பக்க ஜன்னலில் ஃபியூஜி மலை வந்து போனது. பந்துல இரண்டு டிக்கெட்டையும் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டான்.

பஸ்ஸிலும் அவன் அப்படித்தான் தூங்குவான். நாங்கள் இருவரும் விடுமுறைக்கு வீடு போவது ஒரே மாத்தளை பஸ்ஸில். யுத்த காலம். தம்புள்ளை தாண்டியதும் சோதனைச் சாவடி வரும். சீருடைக்காரர் ஏறுவார். எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கிப் பார்ப்பார். பந்துல ஒற்றைக் கண்ணைத் திறந்து அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி மூடிக்கொள்வான். என் தமிழ்ப் பெயரைப் படித்ததும், பையோடு இறங்கச் சொல்லிக் கை வாசல் பக்கம் நீளும். இறங்கி, பையைத் திறந்து காலடியில் வைத்து, வெயிலில் நிற்க வேண்டும். எங்கே தங்கியிருக்கிறாய், எதற்காக வந்தாய் என்று கேட்பார்கள். பிறந்ததும் வளர்ந்ததும் மாத்தளையில். என் ஊருக்கு நான் எதற்காக வந்தேன் என்பதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்! எரிச்சலில் பல்லைக் கடிப்பேன். ஆனாலும் இறங்குவேன். வருடக்கணக்காக இறங்கினேன்.

இப்போது புல்லட் ரயிலுக்கு வருவோம். பெட்டியின் கதவு திறந்தது. தொப்பியும் சீருடையுமாக ஒரு நடத்துநர் உள்ளே வந்து, எல்லோரையும் பார்த்து இடுப்பு வளையக் கும்பிட்டார். எந்தச் சாவடியில் கும்பிட்டுவிட்டுச் சோதனை போடுகிறார்கள்? அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் வருவதற்குள் நான் எழுந்துவிட்டேன். மேலிருந்த பையை எடுத்துவிட்டேன். என் அடையாள அட்டையை நீட்டிவிட்டேன். (ஜப்பானுக்கு எதற்கு இலங்கை அடையாள அட்டை என்று கேட்பவர்கள், அந்தக் காலத்தில் அது இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.)

பாவம், அந்த மனிதர் அட்டையை இரண்டு கைகளாலும் வாங்கி, புரட்டிப் பார்த்து, மறுபடியும் கும்பிட்டுத் திருப்பித் தந்தார். ரயில் நகோயா நிலையத்துக்காக வேகம் குறைத்துக்கொண்டிருந்தது. பையும் கையுமாக நிற்பவன் இறங்கப்போகிறான் என்று நினைத்திருப்பார். மரியாதையாக வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

அவ்வளவுதான். இறங்கினேன்.

இறங்கி, மேடையில் ஓரமாக நின்று, பையின் சிப்பை இழுத்துத் திறந்து காலடியில் வைத்துக்கொண்டு, சோதனை போடுகிறவர்களுக்காகக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. கதவு மூடியது. ஜன்னலுக்குப் பின்னால் பந்துலவின் திறந்த வாய் என்னைக் கடந்து போனது.

நிலைய அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். டிக்கெட் இல்லை. அதற்காக அவர்கள் அதட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். தேநீர் கொடுத்தார்கள்! பாலும் இல்லை, சீனியும் இல்லை, ஆனால் கோப்பையை ஏந்திக் கொடுத்தார்கள். இளம் அதிகாரி ஒருவர் நிதானமாக ஆங்கிலத்தில், "நீங்கள் எங்கே போக வேண்டும்?" என்று கேட்டார். கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. ஆனால் சீருடை போட்டவர் 'எங்கே' என்று ஆரம்பித்தால் என் கை என் பேச்சைக் கேட்காது. தங்கியிருந்த விடுதியின் முகவரி அட்டையை எடுத்து நீட்டிவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. யாரிடமோ பேசி, ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதித் தந்து, என்னை அழைத்துப்போய் ஒரு ரயிலில் ஏற்றி, இருக்கையில் உட்கார வைத்து, கையசைத்து அனுப்பினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கியோட்டோ, அப்புறம் நாரா, அப்புறம் புத்தர் என்று நான் கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஃபியூஜி மலை மறுபடியும் வந்தது. இந்தத் தடவை இடப்பக்கம். லேஞ்சிக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு டோக்கியோ வரைக்கும் வந்தேன்.

பந்துல இருட்டிய பிறகு விடுதிக்கு வந்தான். புத்தரைப் பார்த்து, கும்பிட்டு, அங்கே திரியும் மானுக்கு பிஸ்கட் கொடுத்து, எல்லாம் முடித்து வந்திருந்தான்.

"எங்க போனே மச்சாங்? நான் பயந்தது! யார் ஒன்ன எறங்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல."

"அப்ப ஏன் எறங்கின?"

"நீ ஏண்டா எறங்கல?" என்று கத்தினேன்.

அவன் விழித்தான். "என்னய ஒரு நாளும் எறங்கச் சொல்றது இல்லயே, மச்சாங்" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே விளங்கியிருக்க வேண்டும். எழுந்து போய்ச் சோறு வடித்தான். நான் சாப்பிடவில்லை. அவன் மேல் கோபம், என் மேல் கோபம், அந்த நடத்துநரின் கும்பிடு மேலும் கோபம். என்னை இப்படிப் பழக்கி வைத்தவர்கள் மேல் இருந்த கோபத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது 'நகோயா' என்பது ஒரு வசவு. யாரும் திட்டுவதற்கு முன்னாலேயே மகன் மன்னிப்புக் கேட்டால், "நகோயாவுல எறங்கிட்டான்" என்பாள் மனைவி. வங்கியில் காவல்காரர் உள்ளே வந்தாலே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "உக்காருங்க, இது நகோயா இல்ல" என்பாள். வந்த விருந்தாளிக்கெல்லாம் கதை சொல்லியாகிவிட்டது.

போன மாதம், வேலைக்குப் போகத் தொடங்கிவிட்ட மகள் சொன்னாள்: "அப்பா, நானே உங்கள ஜப்பானுக்குக் கூட்டிட்டுப் போறேன். நகோயா வந்ததும் கதவை மறிச்சுக்கிட்டு நான் நிக்கிறேன், சரியா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. (கடவுச்சீட்டை மட்டும் புதுப்பித்து வைத்திருக்கிறேன்.)