டோக்கன் அண்ணனும் எங்கள் ஃபிரிட்ஜும்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், எங்கள் லைன் வீடுகளில் பாம்புக்குப் பயப்படாதவர்கள் உண்டு. டோக்கன் அண்ணனுக்குப் பயப்படாமல் ஃபிரிட்ஜைத் திறந்தவர் ஒருவரும் கிடையாது.

சுரங்கம் ஓடிய காலத்தில் நந்திதுர்க் ஷாஃப்ட் வாசலில் அவருக்கு வேலை. ஆள் கீழே இறங்கினால் அவனுடைய டோக்கனைப் பலகையில் மாட்டுவார். ஏறி வந்தால் கழற்றுவார். பலகையில் ஒரு டோக்கன் மிச்சமிருந்தாலும் வீட்டுக்குப் போகமாட்டார். சுரங்கத்தை மூடியபின் அந்தக் கண் எங்கள் கரண்ட் பில் மேல் விழுந்தது.

எங்கள் பழைய ஃபிரிட்ஜ் நாள் முழுக்க உறுமும். ஒருநாள் அவரே வந்து கதவு இடுக்கில் காலண்டர் தாளைச் சொருகி இழுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தது.

"இன்னா தம்பி, வாயைத் தெறந்துகினு தூங்குது உன் ஃபிரிட்ஜ்?"

கதவு ரப்பரை வெந்நீரில் துடைத்தார். பெட்டியைச் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளினார். பின்பக்கக் கம்பியில் தலையணைக்கு ஆகிற அளவு தூசி எடுத்தார். பிறகு தயிர், மாவு, தக்காளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தகர டோக்கன் வெளியே தொங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்று கதவைத் திறந்து பார்க்கக்கூடாது. ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட்தான் திறப்பு.

"அண்ணே, ஒரே ஒரு எலுமிச்சம்பழம்" என்று என் மனைவி மேரி கெஞ்சுவாள்.

"ரெண்டாவது ஷிப்டுல எடும்மா."

என்னால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. மேரியின் இன்சுலினும் அதற்குள்தான் இருந்தது. குளிர் குறைந்தாலும் கெடும், உறைந்தாலும் கெடும். அவர் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொட்டுவிட்டுப் போனால், அடுத்த ஷிப்டில் முதலில் மருந்தைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேரி சர்ச்சுக்குப் போன பிறகு, முந்தின நாளே சொன்னபடி, ஐஸை உருக்க அண்ணன் ஃபிரிட்ஜை நிறுத்தினார். சாமான்களை நான்தான் ஈரச்சாக்குப் போட்ட தொட்டிக்கு மாற்றினேன். பதற்றத்தில் எண்ணவில்லை. திரும்ப அடுக்கியபோது எல்லா டோக்கனுக்கும் உரிய சாமான் இருந்தது, ஒன்றைத் தவிர. இன்சுலினைக் காணோம்.

தொட்டியைக் கவிழ்த்தோம். அரிசி டின்னில் கைவிட்டோம். அவர் டார்ச்சோடு ஃபிரிட்ஜுக்கு அடியில் குப்புறப் படுத்தார்.

"விடுங்கண்ணே, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன்.

"ஆளு இன்னும் மேல வரலப்பா. நான் எப்படிப் போவேன்?"

மேரி வாசலில் வந்து நின்றாள். "இன்னா, ரெண்டு பேரும் தரையில படுத்துகினு இருக்கீங்க?"

"உன் மருந்து..."

"உங்க ரெண்டு பேர நம்பி அத விட்டுட்டுப் போவேனா? காலைலயே பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுல வெச்சிட்டேன்."

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து உட்காரவே நேரமானது. "டோக்கனக் கழட்டிட்டுப் போவக்கூடாதாம்மா" என்றார் மெதுவாக. தண்ணீர் கொடுத்தேன்.

கரண்ட் பில் குறைந்தது உண்மை. இப்போது அவர் ஃபிரிட்ஜைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தினமும் சாயங்காலம் தெருவில் நின்று, "ஊசி போட்டாச்சாம்மா?" என்று கேட்கிறார். பதில் வரும்வரை நகர்வதில்லை. அவர் வரப் பத்து நிமிஷம் தாமதமானால், நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடுகிறேன்.