ஐயர் வீட்டுக்குப் போன யப்பான் பெட்டி

செவன் ஹில்ஸ்
20.08.2001

என் சீலாக்குஞ்சுக்கு,

முப்பத்தொரு வருடம் ஆட்களுக்கு முன்னால் உங்களை "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தை எந்தத் தபால்காரனும் கொண்டுபோகப் போவதில்லை, அதனால் அந்தச் செல்லப் பேரைத் துணிந்து எழுதுகிறேன். நானும் மகள் வைதேகியும் சுகம். நீங்களும் அங்கே சுகம் என்று அந்தியேட்டி செய்த ஐயர் சொன்னார். அவர் சொல்லை நம்பலாமோ என்பதை மிச்சத்தையும் வாசித்துவிட்டு யோசியுங்கள்.

நீங்கள் போன முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியில், உங்கள் பேரில் தானம் கொடுக்க குடை, செருப்பு, பாய், செம்பு எல்லாம் அடுக்கி வைத்தேன். உங்கள் தம்பி ஆனந்தராஜா வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, இதிலை அண்ணருக்குப் பிடிச்ச சாமான் ஒண்டும் இல்லையே. அவர் எண்டைக்குச் செம்பு தூக்கினவர்?" என்றார். நான் குசினியில் வடை திருப்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ரிவிக்குக் கீழே இருந்த யப்பான் பெட்டியை வெள்ளைத் துணியில் கட்டித் தானத்தோடு வைத்துவிட்டார். ஐயரும் மந்திரம் சொல்லி வாங்கிக்கொண்டு வெஸ்ட்மீட்டில் இருக்கிற தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

கம்பனி உங்களை வேலை பழக ஆறு மாதம் யப்பானுக்கு அனுப்பியபோது, சூட்கேசில் எனக்கு ஒரு சீலை கூட இல்லாமல் கொண்டுவந்தீர்களே, அதே பெட்டிதான். மேலே ரிவியில் விளையாடுகிற மெசின், கீழே சட்டலைட்டிலிருந்து விளையாட்டை இறக்குகிற துண்டு. "ராணி, வானத்திலை இருந்து விளையாட்டு இறங்குமடி" என்றீர்கள். இறங்கியதோ? மூன்று வருடம் நீங்கள் கூரையில் டிஷ்ஷைத் திருப்பியபடி, நான் ஏணியைப் பிடித்தபடி கீழே. அந்தச் சட்டலைட் யப்பானை மட்டும்தான் பார்க்குமாம். நம்முடைய டிஷ்ஷுக்கு வந்து இறங்கியது ஒரு வெள்ளைக் காக்கட்டூக் கிளி மட்டும். போன வருடம் யப்பானிலும் அதை மூடிவிட்டார்கள் என்று நீங்கள் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தபோது, நான் டிஷ்ஷை இறக்கிக் கழுவி மோர்மிளகாய் காயப்போட்டேன். "சட்டலைட் மிளகாய்" என்று பேர் வைத்து நீங்கள்தானே அதிகம் சாப்பிட்டீர்கள்.

யப்பானில் இருந்தபோது இறக்கிய ஒரே ஒரு விளையாட்டு மட்டும் அதில் இருந்தது. கடற்கரை ஊர், தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன். அவனுக்கு உங்கள் பேரையே வைத்திருந்தீர்கள். ஐந்து தரம்தான் திறக்குமாம், பிறகு அவ்வளவுதான். அங்கே ஒரு தரம், எனக்குக் காட்ட இங்கே ஒரு தரம் திறந்தீர்கள். மிச்சம் மூன்றும் பென்சன் எடுத்த பிறகு இரண்டு பேருமாக என்றீர்கள். அது எனக்கல்லோ தெரியும், ஆனந்தராஜாவுக்குத் தெரியுமோ?

தானம் கொடுத்த மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தால் ரிவிக்குக் கீழே வெறும் தூசி. ஆனந்தராஜாவைக் காரை எடுக்கச் சொல்லி ஓடினேன். ஐயர் வேட்டியை மடித்துக் கட்டி, விளையாட்டுப் பெட்டியின் பிடியும் கையுமாகக் கதவைத் திறந்தார்.

"ஐயா, எத்தினை தரம் திறந்தனீங்கள்?"

"ரெண்டே ரெண்டு தரம் அம்மா. எழுத்தொண்டும் விளங்கேல்லை, சேவ் பண்ணவும் தெரியேல்லை. ஒரு மீன் மட்டும் பிடிச்சனான்."

"ஐயா, நீங்கள் சைவமல்லோ!"

"பிடிச்சுப் போட்டுத் திருப்பி விட்டிட்டன்."

எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்திரண்டு நாளைக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. ஆனந்தராஜா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெட்டியைத் திருப்பித் தாருங்கள் என்றதும் ஐயர் முகம் மாறியது.

"தானம் குடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது. வாங்கினால் போன ஆத்துமா போகாமல் வந்து வாசலிலை நிக்கும்."

"நிக்கட்டும் ஐயா. அதுக்குத்தானே கேக்கிறன்."

அவர் கையிலிருந்த பிடியைக் கீழே வைத்தார். பிறகு, பதிலுக்கு உங்களுக்குப் பிடித்த வேறொன்று தந்தால் தோசமில்லை என்றார். ஒரு போத்தல் சட்டலைட் மிளகாய் கொடுத்தேன். அடுத்த கிழமை வந்து டிஷ்ஷையும் கேட்டு வாங்கிப் போனார். இப்போது ஐயர் வீட்டு முற்றத்தில் அது வானத்தைப் பார்த்துக்கொண்டு மிளகாய் காயவைக்கிறது.

இனி ஒரு தரம்தான் மிச்சம். "அம்மா, சும்மா போட்டுப் பாருங்கோ, இட்ஸ் ஒன்லி எ கேம்" என்று கிளென் வேவர்லியில் இருந்து வைதேகி போனில் சொல்கிறாள். நான் கேட்கவில்லை. உங்கள் பச்சைக் கம்பளிச் சட்டையில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள். அங்கே மாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கூரை கண்டால் ஏறாதீர்கள், ஏணி பிடிக்க நான் அங்கே இல்லை. உங்கள் ஆசீர்வாதம் எங்களுக்கு வேணும்.

இப்படிக்கு,
செல்வராணி

பி.கு: அலுமாரியில் பூட்டினேன் என்றது பொய். நாலு நாளாக ரிவியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நிப்பாட்டினால்தானே கடைசித் தரம் முடியும், நான் நிப்பாட்டவில்லை. கிரிக்கெட் பார்க்க வந்த ஆனந்தராஜாவையும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் சேவ் பண்ணின இடத்திலேயே, தொப்பியும் நீங்களுமாக முச்சந்தியில் நிற்கிறீர்கள். நான் ஒரு பட்டனையும் தொடாமல் முன்னால் இருந்து சோறு சாப்பிடுகிறேன். ஒரு றோட்டு கடலுக்குப் போகுது, மற்றது லைற் எரியிற ஒரு வீட்டுக்கு. சொல்லுங்கோ குஞ்சு, எந்தப் பக்கம் போக வெளிக்கிட்டு நிண்டனீங்கள்?