மாற்றம் செய்யவா, மாற்றஞ்செய்யவா?

நன்றாக எழுதுகிறவனிடம் காதை ஒப்படைக்கக் கூடாது. எழுதினவன் நான்தான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

என் தங்கை அமலிக்குப் பத்தாம் வகுப்போடு காது கேட்காமல் போனது. கோம்பையில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறாள். கூட்டங்களில், பேசப் பேச எழுத்தாகக் காட்டும் செயலியைக் கைபேசியில் திறந்துகொள்வாள். அதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு பிடிபடாது. மரியாதையாக “வந்தாக” என்றால், “வந்தாக வேண்டும்” என்று அதட்டும். ஆகவே, கூட்டுக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று பேசும் கூட்டத்துக்கு, பேசுவதை அடித்து அவளுக்குக் காட்ட நானே மடிக்கணினியோடு கிளம்பினேன். (முப்பது வருடமாக நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிற கை. திமிர் இருக்காதா?)

அன்று செவ்வாய்க்கிழமை. பத்து இருபதுக்குத் தலைவர் எழுந்தார். எங்களுக்கு மாமா முறை.

“அமலிக்குக் காது கேக்காது. மோட்டார் ஓடுதா நிக்குதான்னே தெரியாது. அது முறையை வேற ஆளுக்கு மாத்திரலாம்னு எல்லாரும் சொன்னாக.”

இதை அப்படியே அடிக்க மனம் வரவில்லை. தங்கை புண்படுவாள். தவிர, நடையும் சரியில்லை. “தங்கள் சிரமத்தைக் கருத்தில் கொண்டு, முறையில் சிறு மாற்றம் செய்யலாமெனப் பெரியோர் கருதுகின்றனர்” என்று அடித்தேன். அது ‘மாற்றம் செய்யலாம்’ தானா, ‘மாற்றஞ்செய்யலாமா’ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அமலி எழுந்து கும்பிட்டுவிட்டாள்.

“ரொம்ப நன்றி மாமா. அப்படியே செஞ்சிருங்க.”

எல்லாரும் கைதட்டினார்கள். பிஞ்சு பிடித்து நிற்கிற தோட்டத்துத் தண்ணீர் அந்தக் கைதட்டலோடு போனது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். (குளித்தவன் போல வியர்த்திருந்தேன்.)

“ஏண்ணே, மாமா என்ன சொன்னாக? சொன்னதை அப்படியே டைப் அடி.”

அடித்தேன், ஐந்து எழுத்துப் பிழைகளோடு. படித்துவிட்டு மறுபடி எழுந்தாள்.

“மாமா, நீங்க சொன்னது இப்பத்தான் ஒழுங்கா வந்து சேந்துச்சு. நன்றியைத் திருப்பி வாங்கிக்கிறேன். மோட்டார் ஓடுறதைப் பாக்கக் காது எதுக்கு? குழாய்ல கை வச்சா அதிருது. போன கோடையில உங்க முறையில மோட்டார் நின்னு கெடந்துச்சே. பக்கத்துலயே பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தீக. வந்து சொன்னது யாரு?”

பின்னாலிருந்து ஒருவர், “தலைவருக்குக் காது நல்லாக் கேக்கும்லப்பா, அதான்,” என்றார். கூட்டம் சிரித்தது. அதையும் அடித்தேன். எல்லாரும் சிரித்து முடித்தபின் அமலி படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். அதற்காக இன்னொரு முறை சிரித்தார்கள். தண்ணீர் முறை அவளிடமே நின்றது.

அன்றைய நாட்குறிப்பில் அவள் பேசியதை ஒரு சொல் மாற்றாமல் ஒரு பக்கம் எழுதினேன். என் பங்கை ஒரு வரியில் முடித்துக்கொண்டேன்.

இப்போது முக்கியமான கூட்டம் என்றால், பயிற்சி பெற்ற பெண் ஒருவர் மதுரையிலிருந்தே இணையத்தில் கேட்டு, சொன்னது சொன்னபடி அடித்துத் தருகிறார். நான் வண்டி ஓட்டுவதோடு சரி. தோட்டத்துக்கு வருகிற வியாபாரிகளிடம் அமலி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்:

“எங்கண்ணன். தமிழ் அருமையா எழுதுவாக. அதைப் படிச்சிட்டு எங்கயும் கையெழுத்துப் போட்டுராதீக.”