இடது கீழறையில் ஒரு பல் பூண்டு

இதயத்தை அழகாக வரையத் தெரிந்தவருக்கு அதைக் கையால் தொடும் தைரியமும் இருக்கும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். நான் வரைவேன். பி.யு.சி. படித்த காலத்தில் எங்கள் வகுப்பிலேயே என் இதயத்துக்குத்தான் பேர். வலப்பக்கம் நீலப் பென்சில், இடப்பக்கம் சிவப்புப் பென்சில், நடுவில் அம்புக்குறிகள். ரத்தம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அப்பா கறிப்பையோடு வருவது தெரிந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன். (குழம்பானதும் முதல் ஆளாகத் தட்டோடு உட்காருவேன். அது வேறு விஷயம்.)

தவளை அறுக்கும் வகுப்புகளை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்பீர்கள். பக்கத்து மேசை மாதம்மாள் எனக்கும் சேர்த்து அறுப்பாள். நான் அவளுக்கும் சேர்த்து வரைவேன். ஊத்தங்கரைப் பக்கம் காட்டிலும் கழனியிலும் வேலை பார்த்து வளர்ந்த பெண், தவளைக்கெல்லாம் அசைய மாட்டாள். இந்த ஏற்பாட்டில் இருவருமே நல்ல மாணவிகள் என்று பெயர் வாங்கியிருந்தோம்.

அறுபதுகளின் கடைசி அது. அப்பாவுக்கு ஓசூர் பக்கத்து மத்திகிரி மாட்டுப் பண்ணையில் ஸ்டோர் கிளார்க் வேலை. நான் கிருஷ்ணகிரியில் அத்தை வீட்டில் தங்கி, அங்கே ஒரு சின்னக் கல்லூரியில் பி.யு.சி. படித்தேன். சனிக்கிழமையானால் பஸ் பிடித்து மத்திகிரிக்கு வருவேன், திங்கட்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் திரும்புவேன். எனக்கு விலங்கியலில் பி.எஸ்ஸி. படிக்க ஆசை. வெறும் ஆசை இல்லை, வெறி. அந்தக் கல்லூரியிலோ பி.யு.சி.யோடு சரி, பட்டப்படிப்பு வேண்டுமென்றால் சேலத்துக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்: "கிருஷ்ணகிரின்னா உங்க அத்தை இருக்கா, படி. சேலம் ஹாஸ்டலு அது இதுன்னு பேச்செடுத்தா, இந்த வருஷத்தோட நிறுத்திக்கலாம்."

இந்தச் சமயத்தில்தான் எங்கள் உயிரியல் விரிவுரையாளர் வேலாயுதம் சார் ஒரு சேதி சொன்னார். அடுத்த வருஷம் இங்கேயே விலங்கியல் பட்டப்படிப்பு தொடங்கலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழு வருகிறதாம். அவர்கள் சரி என்றால் நான் அத்தை வீட்டிலிருந்தே பி.எஸ்ஸி. படிப்பேன். இல்லை என்றால் மத்திகிரியில் உட்கார்ந்து கல்யாணத்துக்குக் காத்திருப்பேன். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

குழுவின் முன்னால் ஆட்டு இதயத்தை அறுத்து விளக்க வேண்டும் என்று சாருக்கு ஆசை. அவர்கள் வருவதோ திங்கட்கிழமை காலை. கிருஷ்ணகிரியில் திங்கட்கிழமை ஆடு வெட்ட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையே வாங்கி வைக்கலாம் என்றால் எங்கள் ஆய்வகத்தில் குளிர்ப்பெட்டியும் கிடையாது. பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினும் அடியில் நாலு சொட்டுதான் இருந்தது. சார் திருநெல்வேலிக்காரர், ஓசூர்க் குளிரைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம். "எம்மா, நீ ஓசூர்ப் பக்கம்தான? அங்க தை மாசக் குளிர்ல ஒரு ராத்திரி வெச்சாலும் கெடாதுல்லா?" என்று என்னைக் கேட்டார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து நின்று, எங்கள் அப்பா மாட்டுப் பண்ணையிலேயே இருப்பவர், இதயமெல்லாம் எங்கள் வீட்டில் சர்வசாதாரணம், நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். (பண்ணையில் அப்பா தொட்டதெல்லாம் தவிட்டு மூட்டைக் கணக்கு.) மாதம்மாள் கீழே குனிந்து சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அப்பா கறிக்கடைக்குப் போனார். கத்தி படாமல், குழாய்களை நீளமாக விட்டு, முழு இதயமாக வேண்டும் என்று கேட்டதற்குக் கடைக்காரர் வீட்டில் யாருக்காவது மந்திரிக்கிறீர்களா என்று கேட்டாராம். அப்பா அந்தக் கடுப்போடு வந்து பையை அடுப்படியில் வைத்தார். நான் வாசலில் நின்றபடியே, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு உத்தரவு போட்டேன்.

"அம்மா, மெட்ராஸ்ல இருந்து பெரியவங்க வர்றாங்க. அவங்க முன்னாடி வெக்கிறதுக்குத்தான் இது. எந்தக் காரணத்துக்கும் அறுத்துடாத. முழுசா இருக்கணும்."

"சரி கண்ணு, நான் பாத்துக்குறேன், நீ போ" என்றாள் அம்மா.

நான் கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டேன். இத்தனை தெளிவாக ஒரு காரியத்தைச் சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் விடியற்காலை அம்மா இரண்டு பாத்திரங்கள் கொடுத்தாள். ஒன்று என் மதியச் சாப்பாடு. இன்னொன்று வெள்ளைத் துணியில் இறுகக் கட்டிய எவர்சில்வர் தூக்கு. வீட்டில் இருந்த ஒரே எவர்சில்வர் பாத்திரம் அது. விருந்தாளி வந்தால்தான் பரணிலிருந்து இறங்கும். தூக்கு லேசாகச் சூடாக இருந்தது. அடுப்புப் பக்கத்தில் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். மிளகு வாசனை வந்தது. சாப்பாட்டில் ரசம் இருக்கும் என்று நினைத்தேன். அவிழ்த்துப் பார்க்கலாமே என்று மட்டும் நினைக்கவில்லை. பச்சை இதயத்தைப் பார்த்துப் பஸ்ஸில் வாந்தி எடுக்க நான் தயாராக இல்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னடக்கார அம்மாள் இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏனம்மா, ஊட்டா ஜோரா?" என்று சிரித்தாள். சாப்பாடு பிரமாதமா என்கிறாள். இது சாப்பாடு இல்லை, இதயம், காலேஜுக்குக் கொண்டுபோகிறேன் என்று நான் தமிழும் கன்னடமும் கலந்து விளக்கினேன். அந்த அம்மாள் சூளகிரி வருவதற்குள் வேறு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

கல்லூரியில் எல்லாம் தயாராக இருந்தது. மேசைக்கு வெள்ளை விரிப்பு, மெழுகுத் தட்டு, தேய்த்து வைத்த கத்தரிக்கோல். சார் சட்டைக்குக் கஞ்சி போட்டு வந்திருந்தார். தூக்கை அவர் கையில் கொடுத்து, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். அவர் துணியை அவிழ்த்தார், மூடியைத் திறந்தார். ஆய்வகம் முழுக்க மிளகும் பூண்டும் மணந்தன.

இதயம் முழுசாகத்தான் இருந்தது. மஞ்சள் பூசி, உப்புப் போட்டு, பதமாக வெந்து, மேலே கறிவேப்பிலையோடு இருந்தது. ஓரத்தில் பாதி எலுமிச்சம்பழமும் வைத்திருந்தாள் அம்மா.

சார் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல், "எம்மா, நான் இத அறுக்கவா, சாப்பிடவா?" என்று கேட்டார்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மாவிடம் நான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக நினைவுக்கு வந்தது. பெரியவர்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் வைக்க வேண்டும் என்றேன். எங்கள் ஊரில் பெரியவர்கள் முன்னால் பச்சைக் கறியை யார் வைப்பார்கள்? வெளி வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சார் இதயத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். கறிவேப்பிலையை உதறி, கழுவி, மெழுகுத் தட்டில் வைத்து அவர் நிமிர்வதற்கும் குழு உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது.

குழுத் தலைவர் நரைத்த மீசை வைத்த பேராசிரியர். அறைக்குள் வந்ததும் மூக்கை உறிஞ்சி ஜன்னல் பக்கம் பார்த்தார். கேன்டீன் பக்கத்திலா என்று கேட்டார். கேன்டீனே இல்லாத கல்லூரி அது. சார் ஆமாம் என்றார். பிறகு பேராசிரியர் தட்டைப் பார்த்துவிட்டு, எப்படிப் பதப்படுத்தினீர்கள் என்று கேட்டார். "சூடு காட்டிப் பதப்படுத்தியிருக்கோம் சார்" என்றார் வேலாயுதம் சார். பொய் என்று சொல்ல முடியாது.

சார் அறுக்க ஆரம்பித்தார். வெந்த இதயம் கத்தரிக்கு நன்றாகவே ஒத்துழைத்தது. இடது கீழறையின் தடித்த சுவரைப் பிளந்து, "இங்கே பாருங்கள்" என்று விரித்துக் காட்டினார். உள்ளே இருந்து ஒரு பல் பூண்டு உருண்டு வந்து வெள்ளை விரிப்பில் நின்றது.

பேராசிரியர் இடுக்கியை வாங்கி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினார். யார் முகம் அதிகமாக வெளுத்திருந்ததோ, அந்த ஆளை, அதாவது என்னை, பிடித்துக்கொண்டார்.

"இது என்ன, நீ சொல்லு."

"பூண்டு சார்."

"எங்க இருந்துச்சு?"

"இடது கீழறையில சார்."

"எந்த வழியா உள்ள வந்திருக்கும்?"

(நாங்கள் படித்தது இங்கிலீஷில். அன்றைய பதிலை இங்கே தமிழில் எழுதுகிறேன்.) பெருந்தமனி வழியாக வந்திருக்க வாய்ப்பு குறைவு, அதன் வாயிலுள்ள வால்வுகள் வெளிப்பக்கமாகத்தான் திறக்கும் என்றேன். ஆகவே நுரையீரல் சிரை வழியாக இடது மேலறைக்கு வந்து, ஈரிதழ் வால்வைத் தாண்டிக் கீழறைக்கு இறங்கியிருக்க வேண்டும் என்றேன். நுரையீரலில் இருந்து வரும் ரத்தத்தை மட்டுமே அந்தப் பாதையில் அனுப்பிப் பழகியவள், அன்று பூண்டை அனுப்பினேன். அவர் வலது பக்கத்தைத் தானே பிளந்தார். மூன்று மிளகு. அதற்கும் பெருஞ்சிரையில் தொடங்கி வழி சொன்னேன். அப்படியானால் பூண்டு ஏன் பெருந்தமனி வழியாக வெளியேறவில்லை என்று கேட்டார்.

"உள்ள வெச்சப்போ இதயம் துடிக்கல சார்" என்றேன்.

பேராசிரியருடைய மீசை அசைந்தது. சமைத்தது யார் என்று கேட்டார். அம்மா என்றேன். போகும்போது என் பக்கத்தில் நின்று, "பூண்டு பதமா வெந்திருக்குன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு" என்றார். அவர் படி இறங்கியதும் வகுப்பு அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் கொட்டியது. வேலாயுதம் சாரும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நான் நம்பினேன்.

சரியாகவில்லை. ஓர் இதயத்தைக்கூடப் பதப்படுத்தி வைக்க வசதியில்லாத ஆய்வகத்தில் பட்டப்படிப்பு நடத்த முடியாது, பிறகு பார்க்கலாம் என்று குழு சொல்லிவிட்டதாகச் சார் ஒரு நாள் வகுப்பில் சொன்னார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதேன். அம்மாவைத் திட்டவும் திட்டினேன். கடைசியில், "நீ அறுக்க வேணாம்னு சொன்ன கண்ணு. அறுக்காம மசாலா எப்பிடி உள்ள ஏறும்? ஓட்ட இருந்துச்சு, அதுல அடைச்சேன்" என்றாள். அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவுக்குத் தட்டு வைக்கவில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க, புள்ள படிப்புல மசாலா போட்டவ நானு. அவள சேலத்துக்கு அனுப்புங்க. அனுப்பறேன்னு சொல்ற வரைக்கும் நான் அடுப்பு பத்த வெக்கிறதில்ல."

அப்பா சிரித்தார். மறுநாள் காலையில் அடுப்பு நிஜமாகவே எரியவில்லை. பண்ணைப் பாலும் கடை பன்னுமாக அவர் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். என் தங்கை ஸ்டெல்லா பன் சாப்பிட்டுச் சந்தோஷமாக இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் அப்பா வந்து, சேலத்து விடுதியில் கன்னியாஸ்திரீகள்தானே பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாரிடமோ கேட்பது போல் சொன்னார். அம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

நான் சேலத்தில் விலங்கியல் படித்தேன். அங்கே மாதம்மாள் இல்லாததால் என் கையாலேயே அறுக்கவும் கற்றேன். ஓசூரில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சு கரித்தால், "பூண்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டெல்லா மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். பேரன் பேத்திகள்கூட அப்படியே கேட்கிறார்கள், காரணம் தெரியாமலே.

அம்மாவுக்கு வயதாகி மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். திரையில் அவளுடைய இதயம் மெதுவாகச் சுருங்கி விரிந்தது. நான் எத்தனையோ தரம் வரைந்த படம். என் அம்மாவுடையதாகப் பார்த்தது அன்றுதான். அம்மா படுத்தபடியே திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைத் தட்டினாள்.

"கண்ணு, அன்னிக்கு நான் பூண்டு வெச்சது எந்த எடம்?"

நான் திரையில் விரல் வைத்துக் காட்டினேன். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்கயா?" என்றாள் அம்மா. "நல்ல எடமாத்தான் பாத்து வெச்சிருக்கேன்."